கீரிமலைக்குச் சென்ற பழைய கார்

யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வரும் பிரயாணிகள் நல்லூர்க் கோயிலையுங் கோட்டையையுங் கண்டு மகிழ்வர். நகர வீதிகளில் அவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்யும் காட்சி வேறொன்றும் உண்டு. உருண்ட முதுகும் பெரிய முன்விளக்குகளுங் கொண்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்கள், அறுபது எழுபது வயதைக் கடந்த பின்னும் இங்கே ஓடுகின்றன. அவை காட்சிக்கு வைத்த பொருள்கள் அல்ல. கலியாண வீட்டுக்கும் சந்தைக்கும் போய் வருபவை.

அத்தகைய கார் ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரிலுள்ள லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட இனம் அது. நான்கு சிலிண்டர்களைக் கொண்ட 1200 சி.சி. இயந்திரம். பிறர் பாவித்த அக்காரை என் தந்தையார் 1961 இல் வாங்கினார். அன்று தொடக்கம் அதன் சாவியை வேறெவரிடமும் அவர் எளிதிற் கொடுத்ததில்லை.

தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்தது. நானோ கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவன். கொட்டிலில் நிற்கும் காரைப் பராமரிக்க ஆளில்லை. பழைய கார்களைச் சேகரிக்கும் அன்பர் ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தந்தைக்குரிய கடனை முடித்து, மறுநாள் காரை அவரிடம் ஒப்படைப்பதென்று தீர்மானித்தேன். கடைசிப் பிரயாணமாவது அப்பாவின் காரில் அமையட்டும் என்று மகளையும் உடன் அழைத்துக்கொண்டேன். நெடுங்காலமாக அக்காரைக் கவனித்து வந்த இணுவில் மெக்கானிக் அண்ணையும் எங்களுடன் வந்தார். அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல்.

விடியற்காலையிற் புறப்பட்டோம். காங்கேசன்துறை வீதியிற் கொக்குவில், கோண்டாவில், இணுவில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. மருதனார்மடத்தைத் தாண்டியதும் செம்மண் தோட்டங்கள் தொடங்கின. சுன்னாகஞ் சந்தைக்கு வாழைக்குலைகளை ஏற்றிய வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. மல்லாகத்தை அணுகியபோது காரின் முன்மூடியிலிருந்து வெள்ளை ஆவி எழுந்தது. காரை ஓரமாக நிறுத்தினேன். தர்ப்பணத்துக்கு நேரமாகிறதே என்ற பதைப்பில் றேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனேன்.

“தம்பி, தொடாதேங்கோ! கை வெந்துபோம். சூடாயிருக்கிற இஞ்சினுக்குப் பச்சைத்தண்ணி விட்டால் அது வெடிச்சும் போம். முதலிலை ஆறட்டும்” என்றார் அண்ணை.

நாங்கள் ஒரு வேப்பமர நிழலில் அமர்ந்தோம். இந்தக் கார்கள் எப்படி இவ்வளவு காலம் பிழைத்தன என்று என் மகள் அவரிடம் வினவினாள். அவர் சொன்ன கதை, நம் குடாநாட்டின் கதையே எனலாம்.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கடையிற் கிடைத்த சொற்பமும் ஏழைக்கு எட்டாத விலை. அப்பொழுது இக்கார்களை ஓட்டியது மண்ணெண்ணெய். இவற்றின் இயந்திரங்கள் எரிபொருளை அதிகம் அழுத்துவதில்லை. ஆகையால் தரங்குறைந்த எண்ணெயையும் ஏற்றுக்கொள்ளும். ஆனாற் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைக் கடந்து கீழே வடிந்து, இயந்திர ஒயிலை நீராக்கிவிடும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றாதவரின் இயந்திரம் விரைவிற் தேய்ந்தது. மாற்றியவரின் கார் பிழைத்தது.

“உங்கட அப்பா தனக்குச் சட்டை வாங்க மாட்டார், காருக்கு ஒயில் வாங்குவார்” என்று சொல்லிச் சிரித்தார்.

1995 ஐப்பசியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் கார் கொட்டிலிலேயே நின்றுவிட்டது. மறுவருடஞ் சித்திரையில் தந்தையார் திரும்பி வந்து பார்த்தார். சில்லுகள் இல்லை, பற்றறி இல்லை. ஆயினும் புறப்படுமுன் அவர் சிலிண்டர்களுக்குள் ஊற்றிவிட்டுப் போன ஒயில் இயந்திரத்தைக் காத்திருந்தது. அண்ணையும் அவருமாக மூன்று மாதம் உழைத்து அதனை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தனர். இதனை நான் அன்றுதான் முதன்முதலிற் கேள்வியுற்றேன்.

இயந்திரம் ஆறியது. நீர் செல்லும் றப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு. அண்ணை தமது பையிலிருந்து பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றை எடுத்து, இறுக்கிச் சுற்றிக் கம்பியாற் கட்டினார். கம்பியை முறுக்கியவள் என் மகள். அயல் வீட்டுக் கிணற்று நீரை வாங்கி நிரப்பினோம்.

“இது இப்போதைக்குத்தான். வீட்டை போனவுடனை வடிச்சுப்போட்டு மழைத்தண்ணி விடவேணும். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. கேத்திலிலை படியிற மாதிரி றேடியேற்றரிலும் படிஞ்சு அடைச்சுப்போடும்.”

கொட்டிலின் மூலையில் மூடிவைத்த பெரிய பரணி எதற்கென்று எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது. தந்தையார் மாரிமழை நீரை அதில் நிறைத்து வைத்திருந்தார்.

மாவிட்டபுரத்தைக் கடந்து கீரிமலையை அடைந்தபோது வெயில் ஏறவில்லை. கடலின் அருகே, ஒரு மதிலே இடையாக, ஊற்றெடுக்கும் நன்னீர்க் கேணி அது. கேணியில் நீராடித் தர்ப்பணம் முடித்துத் திரும்பினேன். அண்ணை காரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடற்காற்றின் உப்புத் தகட்டை அரித்துவிடும். வீடு சேர்ந்ததும் நன்னீராற் கழுவி, கழிவு ஒயிலை அடியிற் பூச வேண்டும் என்றார். என் மகள் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வழியில், “அண்ணை, உங்களிட்டைத் தொழில் பழகிற பெடியள் இருக்கினமோ?” என்று கேட்டேன்.

“வந்தவங்கள். இப்ப கொம்பியூட்டர் வைச்சுப் பிழை பார்க்கிற வாகனம்தானே. அதையும் பழகத்தான் வேணும். ஆனால் இதைப் பழக ஒருத்தரும் இல்லை.” சற்று நேரஞ் சென்று மெதுவாகச் சொன்னார்: “வாங்கிறதுக்குக் காசு வேணும் தம்பி. வைச்சிருக்கிறதுக்குக் கை வேணும்.”

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இக்கார்கள் இரும்பின் உறுதியால் மட்டும் நிலைத்தவை அல்ல. திறந்து பார்த்தால் விளங்கும்படி செய்யப்பட்டவை; விளங்கிக்கொண்டவர் கைவிடாததால் நிலைத்தவை. தந்தையாரின் காரை நான் சுமையென்று கருதியதற்குக் காரணம், அதைப்பற்றி ஒன்றும் அறியாதிருந்தமையே.

மறுநாட் காலை அந்த அன்பருக்குத் தொலைபேசியில் என் வருத்தத்தைத் தெரிவித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிலும் என் மகள் இப்பொழுது ஞாயிறுதோறும் இணுவிலுக்குச் செல்கிறாள். சென்ற வாரம் அவள் எழுதிய செய்தி: “அப்பா, புதுக் குழாய் போட்டாச்சு. தாத்தா என்னைக் கொண்டுதான் பூட்டுவிச்சவர். பரணியிலை தண்ணி குறையுது. மாரி வரட்டும்.”