புளிப்பு மட்டும் போதும்

பிரான்சில் லியோனுக்கு வடமேற்கே ரோவான் என்றொரு சிறிய ஊர். அதன் ரயில் நிலையத்துக்கு இளஞ்சிவப்பும் பச்சையும் பூசியிருக்கிறார்கள். எதிரே இருந்த ஓட்டலின் ஒரு மீன் உணவுக்குச் செய்த மரியாதை அது.

1930இல் ழான்-பப்தீஸ்த் த்ருவாக்ரோவும் அவர் மனைவி மரியும் அந்த ஓட்டலை எடுத்தார்கள். அடுப்படி மரியுடையது. மகன்கள் ழானும் பியேரும் பாரிசிலும், வியென் ஊரில் ஃபெர்னான் புவானிடமும் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1960களில் அந்த மீனைச் சமைத்தார்கள். மெல்லிசாகத் தட்டிய சால்மன், சட்டியில் சில நொடிகள்தான். க்ரீம், வெர்மூத், புளிப்புக் கீரை சேர்ந்த சாஸை முதலில் தட்டில் பரப்பி, அதன்மேல் மீனை வைத்தார்கள். 1968இல் மூன்றாவது மிஷெலின் நட்சத்திரம் வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் அது போகவில்லை.

1983இல் ழான் திடீரென இறந்துபோக, பியேரின் மகன் மிஷேல் வந்து அப்பாவோடு நின்றார். ஊரே கும்பிடும் ஒரு ரெசிபி கைக்கு வந்தால் என்ன பண்றது? எங்க ஆபீஸ்ல இதுக்கு 'லெகசி கோட்'னு பேரு. ஓடிக்கிட்டிருக்கு, எவனும் தொடாதே! மிஷேல் ரெசிபியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அதிலிருந்த புளிப்பை எடுத்துக்கொண்டார். இத்தாலி, ஜப்பான் சுவைகளோடு அதைத் தன் கையெழுத்தாகவே ஆக்கினார். 2017இல் ஸ்டேஷன் எதிர் விலாசத்தையும் விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் ஊஷ் கிராமத்துக்குக் குடும்பத்தோடு கடையை மாற்றினார்.

ஃபிரெடரிக் வைஸ்மனின் 2023 ஆவணப்படம் நாலு மணி நேரம். ரெண்டு ராத்திரியாகப் பார்த்தேன். மிஷேலும் மகன்கள் செசாரும் லியோவும் உட்கார்ந்து மெனுவைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்க தாத்தா மெஸ் வச்சிருந்தார். அப்பாவும் அந்த அடுப்பிலேயே வெந்தவர். என்னை இன்ஜினியரிங் சேர்க்கும்போது, "இது என்னோட போகட்டும்டா" என்றார். நம்மில் பல வீடுகளில் பிள்ளை கடைக்கு வராமல் இருப்பதுதான் கடையின் வெற்றி. அந்தக் கணக்கும் தப்பில்லை. ஆனால் அப்பாவும் நானும் சமையலைப் பற்றி ஒரு நாள்கூட அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

சாம்பாருக்கு ரெண்டாம் தடவை கரைத்த புளித்தண்ணியைத் தாத்தா சேர்க்க மாட்டாராம், அம்மா சொல்லியிருக்கிறாள். ஏன் என்று தெரியாது. நானும் சேர்ப்பதில்லை.