கூரை மேல் ஒரு கண்

சகோதரிகளே! உங்கள் வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகள் உண்டா? 2016இல் அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தைத் தொடங்கிய பின்னர், நமது ஊர்களிலும் பலர் கடன்பட்டு இவற்றைப் பொருத்தினார்கள். பொருத்திய அன்றோடு கூரையை மறந்துவிடுகிறோம். கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.

இவற்றைப் பராமரிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு கொப்பி போதும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் மனைவியுடையது. மஃரிபுக்கு முன், இன்வேட்டரில் தெரியும் அன்றைய அலகுகளை எழுதி வைப்பார். 5 கிலோவாட் தொகுதி நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 20 அலகு தரும். மழை நாளில் குறையும். பகலில் மின்வெட்டு வந்தாலும் குறையும். மின்கம்பியில் வேலை செய்வோரின் உயிரைக் காக்க, பற்றரி இல்லாத சாதாரண தொகுதி அந்நேரம் தானாகவே நின்றுவிடும். அது பழுதல்ல.

வெயில் நாட்களிலும் தொடர்ந்து குறைந்தால்தான் தேடிப் பார்க்க வேண்டும். ஒருமுறை கொப்பி அப்படிக் காட்டியது. பார்த்தால், அடுத்த வளவு முருங்கையின் நிழல் பிற்பகலில் ஒரு தகட்டில் விழுகிறது. ஒரு தகட்டின் நிழல், அதனோடு தொடராக இணைந்த மற்றத் தகடுகளையும் பாதிக்கக்கூடும். மரம் அவர்களுடையது. மனைவி போய் அந்த ராத்தாவிடம் பக்குவமாகப் பேசினார். கிளையும் வெட்டப்பட்டது, கீரையில் பாதி எங்கள் அடுப்படிக்கும் வந்தது.

அடுத்தது அழுக்கு. தூசியை மழை கழுவும். காய்ந்துபோன காக்கை எச்சத்தை அது முழுதாகக் கழுவாது. சுபஹுக்குப் பின், வெயில் ஏறுமுன், வெறும் தண்ணீரும் நீண்ட பிடியுள்ள மென்மையான தூரிகையும் கொண்டு கழுவலாம். நண்பகலில் சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வெடிக்கக்கூடும். சவர்க்காரத் தூளும் தேங்காய்ப் பொச்சும் வேண்டாம். கண்ணாடியில் கீறல் விழும்.

மிக முக்கியமானது ஒன்று. தண்ணீர் வாளியோடு பிள்ளைகளைக் கூரையில் ஏற்றாதீர்கள். நனைந்த கூரை வழுக்கும். பழைய சீற் உடையும். பிரதான ஆளியை நிறுத்தினாலும், வெளிச்சம் இருக்கும்வரை தகட்டிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். கண்ணாடி வெடித்திருந்தாலோ கம்பியை அணில் கடித்திருந்தாலோ தொடாமல், பொருத்தியவர்களை அழையுங்கள். தரையில் நின்று எட்டாத வேலையைப் பழகிய ஆளிடம் விடுங்கள். கூலி போனால் போகட்டும், பிள்ளை பத்திரமாக இருக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது பார்ப்பதும் எழுதுவதும்தான். இன்றே ஒரு கொப்பியைத் தொடங்குங்களேன்!