ஆகாயத்தில் ஜலதோஷம்

நமது தர்மபுரி ஜில்லாவில் விமான நிலையம் கிடையாது. ஆகாயத்தில் பறக்க ஆசைப்படுகிறவர்கள் வடக்கே தேவனஹள்ளிக்குப் போக வேண்டும். இல்லையேல் தொப்பூர்க் கணவாய் இறங்கி, ஓமலூரை அடுத்த சேலம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். ஆனாலும் விமானத்தில் காது அடைப்பது இன்னதென்று நம் ஊர்ப் பிள்ளைகள் அறியாதவர்கள் அல்ல. வத்தல்மலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கி வருகையில் காது 'கும்'மென்று அடைத்துக்கொள்கிறது. எச்சிலை விழுங்கினால் 'டப்'பென்று திறந்துகொள்கிறது. பத்தாம் வகுப்பில் பாயில் விதியைத் தொடங்கும்போது நாம் முதலில் போடும் கேள்வி இதுதான்: "மலை ஏறுகையில் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத காது, இறங்குகையில் ஏன் அடம் பிடிக்கிறது?"

நம் முகத்தின் எலும்புகளுக்குள்ளே, நெற்றியிலும் கன்னங்களிலும் மூக்கின் இரு பக்கங்களிலும், சிறு சிறு காற்றறைகள் இருக்கின்றன. இவற்றைத்தான் சைனஸ் என்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் மூக்கினுள் ஒரு குறுகிய வாசல் உண்டு. நடுச் செவிக்கும் அவ்வாறே தொண்டையின் மேற்புறத்திலிருந்து ஒரு குழல் போகிறது. மேலே ஏறும்போது வெளிக் காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே உள்ள காற்று விரிந்து, பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது காரியம் தலைகீழ். வெளிக் காற்று உள்ளே நுழைந்தாக வேண்டும். ஜலதோஷத்தினால் வாசல் வீங்கி அடைத்திருந்தால் அது எப்படி நுழையும்? உள்ளே அழுத்தம் குறைந்தபடியே இருக்க, அறையின் சவ்வு உறிஞ்சி இழுக்கப்பட்டு, வலி எடுக்கிறது. சில சமயம் ரத்தமும் கசிந்துவிடுகிறது.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே நாம் சுவாசிக்கும் காற்று 6,000 முதல் 8,000 அடி உயர மலைக் காற்றுக்குச் சமமாக வைக்கப்படுகிறது. அதாவது, ஏறக்குறைய உதகமண்டலத்துக் காற்று. அங்கிருந்து அரை மணிக்குள் சமவெளிக்கு வந்து சேர்வதைப் போன்றதுதான் விமானம் இறங்குவது. வத்தல்மலை பஸ் இதற்கு எம்மாத்திரம்!

இந்த வலியை ஆகாயத்தில் முதன் முதலாக அனுபவித்து எழுதி வைத்தவரும் நம்மைப் போல் வாத்தியார்தான் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு. சார்லஸ் விதி என்று நாம் பாடம் நடத்துகிறோமே, அந்த ஜாக் சார்லஸ் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், 1783 டிசம்பர் 1-ந் தேதி பாரிஸில் ஹைட்ரஜன் பலூனில் ஏறினார். அன்று இரண்டாம் முறை தனியாக ஏறி, சுமார் 3,000 மீட்டர் உயரம் போனபோது வலது காதில் பொறுக்க முடியாத வலி கண்டது. அதற்குப் பிறகு அவர் பலூன் பக்கமே போகவில்லை.

சென்ற தை மாதத்தில் நம் தமக்கையாரை டில்லிக்கு அழைத்துப் போனோம். அங்கே அவர் மகளுக்குப் பிரசவ சமயம். தமக்கையாருக்கு அதுவே முதல் விமானப் பிரயாணம். கூடவே நல்ல ஜலதோஷம். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஜன்னல் வழியே மேகங்களைப் பார்த்து, "பஞ்சக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குதுடா" என்று குழந்தை போல் மகிழ்ந்தவர், சிறிது நேரத்தில் தூங்கிப் போனார். விமானம் இறங்கத் தொடங்கியதும் திடுக்கிட்டு விழித்து, இடது புருவத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஒரு முனகல் கூட வெளிவரவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். கடைசியில் நம் காதருகே சாய்ந்து, "தம்பி, மண்டைக்குள்ள நரம்பு அந்து போச்சுன்னு நெனைக்கறேன். கழுத்துல கெடக்கறத பாப்பாவுக்குப் போட்டுரு. பெரியவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்" என்றார்.

நரம்பும் அறவில்லை, ஒன்றும் அறவில்லை. நெற்றிச் சைனஸின் வாசல் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். டில்லியில் பார்த்த வைத்தியர் அப்படித்தான் சொன்னார். பத்து நாளில் குணமாகிவிட்டது. ஆனால் அந்த இருபது நிமிஷமும் ஒரு மனுஷி, தனக்கு மரணம் வந்துவிட்டதென்றே நம்பி, யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால்தான் நமக்கு இன்னும் மனம் ஆறவில்லை. திரும்பும்போது, இரண்டு ராத்திரி ஆனாலும் ரயிலில்தான் வருவேன் என்று வந்து சேர்ந்தார்.

விமானத்திலேயே கோளாறு ஏற்பட்டால் ஜலதோஷம் இல்லாதவர்களும் தப்ப முடியாது. 2018 செப்டம்பர் 20-ந் தேதி மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானத்தில், உள்ளே காற்றழுத்தத்தைக் காப்பதற்கான விசையைப் போட விமானிகள் மறந்துவிட்டார்கள். 166 பிரயாணிகளில் சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. இது அபூர்வம். அடைத்த மூக்கோடு நல்ல விமானத்தில் ஏறுவதோ தினமும் நடப்பது.

நொச்சி இலை ஆவியை நாம் ஒரு போதும் குறை கூற மாட்டோம். அதன் சுகமே தனி. ஆனால் காலையில் தர்மபுரியில் பிடித்த ஆவி மாலையில் டில்லியில் காவல் நிற்காது. ஆக்ஸிமெட்டாசோலின், ஸைலோமெட்டாசோலின் என்ற மூக்குச் சொட்டு மருந்துகளில் ஒன்றை, விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்பாக விட்டுக்கொள்ளலாம். இதையே நாலைந்து நாளுக்கு மேல் பழக்கமாக்கினால், மருந்தே மூக்கடைப்பை உண்டாக்கும். ரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது; சிறு பிள்ளைகளுக்கும் அப்படியே.

இறங்கும் சமயத்தில் தூங்கக் கூடாது என்பதை நாம் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்வோம். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடுகிறது. காதுக் குழலைத் திறப்பதோ விழுங்குதல்தான். இதற்கு மிட்டாய் வேண்டும், சூயிங்கம் வேண்டும் என்கிறார்கள். நம் ஜில்லாப் புளியில் ஒரு சுளை போதாதா? நினைத்தாலே வாயில் நீர் ஊறுகிறதே! கைக்குழந்தைக்கு அப்போது தாய்ப்பால் கொடுத்தால் அதுவும் அழாது, காதும் திறக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊதுவது வால்சால்வா என்ற இத்தாலிய வைத்தியர் 1704-ல் எழுதி வைத்த முறை. சளி நிறைந்த மூக்கோடு பலமாக ஊதினால் சளி காதுக்குள் ஏறிவிடும். அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவதே உத்தமம்.

காய்ச்சலோடு பீனிசம் கண்டவர்களும், காதில் சீழ் வடிகிறவர்களும், அண்மையில் காது மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் வைத்தியர் அனுமதியின்றி ஏறுவது உசிதமல்ல. டிக்கட் பணம் போகிறதே என்பார்கள். போகட்டும் என்பதே நம் அபிப்பிராயம். இறங்கி இரண்டு மூன்று நாளாகியும் காது திறக்காவிட்டாலோ, நெற்றி வலி தணியாவிட்டாலோ, காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தாலோ காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போக வேண்டும். அதற்காகப் பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.