யாருடைய வக்கீல்?

சனி, ஞாயிறு காலையில் கேளம்பாக்கம் ஜங்ஷனில் பத்து நிமிஷம் நின்றாலே போதும். வண்டலூர் ரோடு, ஓ.எம்.ஆர்., கோவளம் ரோடு என்று எல்லாம் சேருகிற அந்த இடத்தில் மனை காட்ட ஆட்களை ஏற்றிப்போகும் வேன்களைப் பார்க்கலாம். சிறுசேரி சிப்காட் வந்த பிறகு இந்தப் பக்கம் வயலாக இருந்ததெல்லாம் கல் நட்ட மனையாகிவிட்டது. அப்படி ஒரு வேனில் ஏறியவர்தான் இந்தக் கதையில் வரும் பெரியவர். தாம்பரத்தில் இருபது வருஷமாக வாடகை வீடு. ரிட்டயர் ஆகி வந்த பி.எஃப். பணம் கையில். மீதிக்கு மகன் லோன் போடுவதாகப் பேச்சு.

மனை அரை கிரவுண்டு, விலை 40 லட்சம். பார்த்தார், பிடித்துவிட்டது. புரோக்கர் சொன்னார்: "சார், டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்க. லீகல் பத்தி கவலையே வேண்டாம். நம்ம வக்கீல் இருக்காரு, அவரே பாத்து, அவரே பத்திரமும் ரெடி பண்ணிடுவாரு."

இந்த "நம்ம வக்கீல்" என்ற இரண்டு வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. நம்ம என்றால் யாருக்கு? மாதம் பத்து மனையை அந்த வக்கீலிடம் கொண்டுவருபவர் புரோக்கர். வாழ்நாளில் ஒரே ஒரு மனை வாங்குபவர் பெரியவர். வக்கீல் ஒரு மனையில் குறை சொன்னால் அடுத்த மாதம் யார் வரமாட்டார்கள்? நீங்களே சொல்லுங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு நாளில் ஜெராக்ஸ் காப்பியை மட்டும் பார்த்து "டைட்டில் கிளியர்" என்று எழுதித்தர, கொஞ்சம் சோம்பலும் கொஞ்சம் தாட்சண்யமும் போதும்.

பெரியவருக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. முதலாவது, "கவர்ன்மெண்டே ரிஜிஸ்டர் பண்ணித் தருது, அப்புறம் என்ன?" நம் ஊரில் பாதிப் பேர் நினைப்பது இதுதான். ஆனால் இங்கே பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. இங்கிலாந்தில் அரசின் நிலப் பதிவேடே இன்னார்தான் உரிமையாளர் என்று உத்தரவாதம் தருகிறது. அங்கே சொலிசிட்டரைத் தேடுபவர்கள் ஃபீஸ் எவ்வளவு, எத்தனை வாரம் ஆகும் என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். இங்கே அப்படி இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டிலிருந்து போன கே. கோபி வழக்கில், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலையே அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆராய்வது வாங்குபவர் பாடு, அதாவது அவருடைய வக்கீல் பாடு.

இரண்டாவது நம்பிக்கை, "பேங்க் லோன் தருதுன்னா லீகல் சரியாத்தானே இருக்கும்?" பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்கின் பணத்துக்காக. சொத்தில் தகராறு வந்தாலும் லோன் வாங்கியவரிடம் பேங்க் இ.எம்.ஐ. கேட்கத்தான் செய்யும். சரி, வக்கீல் தப்பாக எழுதிக்கொடுத்துவிட்டார், அவரைப் பிடிக்கலாமே என்றால் அதுவும் சுலபமில்லை. 2012ல் நாராயண ராவ் வழக்கில், சதியில் பங்கு இருந்ததற்குச் சாட்சியம் இல்லாமல், தவறான லீகல் ஒப்பினியன் கொடுத்தார் என்பதற்காக மட்டும் பேங்க் பேனல் வக்கீலைக் குற்றவாளியாக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2024 மே மாதம், வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்றும் தீர்ப்பு வந்துவிட்டது. மிக்ஸி ரிப்பேர் என்றால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம். லீகல் ஒப்பினியன் ரிப்பேர் என்றால் போக முடியாது! ஆகவே யோசிப்பதையெல்லாம் முன்னாலேயே யோசித்துவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பெரியவர் கஞ்சத்தனம் பார்த்தது வக்கீல் ஃபீஸில்தான். 40 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் 3,60,000 ரூபாய். புரோக்கருக்கு இரண்டு பர்சென்ட் என்றால் 80,000. இவற்றை மறுபேச்சில்லாமல் எழுதி வைத்தவர், தனி வக்கீலுக்குச் சில ஆயிரம் என்றதும் "புரோக்கர் ஃப்ரீயா பண்ணித் தர்றாரே" என்றார். நல்லவேளை, மகன் விடவில்லை.

ஆனால் வக்கீலை எங்கே தேடுவது? பார் கவுன்சில் விதிப்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. போர்டைப் பார்த்து சிவில் யார், கிரிமினல் யார் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. மகன் ஒரு வேலை செய்தார். ஏற்கனவே வீடு வாங்கிய நண்பர்களிடம் "உங்க வக்கீல் நல்லவரா?" என்று கேட்காமல், "எந்த வக்கீலாவது உங்களை ஒரு இடத்தை வாங்காதேன்னு சொல்லியிருக்காரா?" என்று கேட்டார். செங்கல்பட்டு கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்தும் ஒரு அம்மாவின் பெயர் இரண்டு பேர் வாயிலிருந்து வந்தது.

அந்த அம்மா முதலில் சொன்னது, "டோக்கன் குடுத்துட்டீங்களா? இல்லையா? அப்ப உக்காருங்க." ஜெராக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், வாரிசுச் சான்று என்று வரிசையாகக் கேட்டார். முப்பது வருஷ வில்லங்கம் இருக்கிறதே என்று பெரியவர் இழுத்தார். "1892ல அரசாங்கம் குடுத்த நிலமா இருந்தா முப்பது வருஷ வில்லங்கத்துல தெரியுமா சார்?" என்றார்.

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் இந்த மாவட்டத்துத் தலித் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு கொடுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. இதே பகுதியில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்துப்போனார்கள். நிலத்தின் பழைய வகைப்பாட்டைப் பார்க்காத வக்கீலால் பணம் மட்டும் போவதில்லை, யாரிடமிருந்தோ பிடுங்கிய நிலத்தில் தெரியாமலே போய் உட்கார வேண்டியும் வரும். நெம்மேலிப் பக்கம் ஆளவந்தார் அறக்கட்டளை நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல், திருப்போரூர் கோயில் நிலம் என்று பார்க்க வேண்டியவை இங்கே இன்னும் உண்டு.

பெரியவர் பார்த்த மனை பஞ்சமியும் இல்லை, கோயில் நிலமும் இல்லை. சிக்கல் வாரிசுச் சான்றில் இருந்தது. விற்பவர்கள் அண்ணன், தம்பி இருவர். 2009ல் பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறது, பட்டாவும் மாறியிருக்கிறது, வில்லங்கம் துடைத்தாற்போல் சுத்தம். ஆனால் அப்பாவின் வாரிசுகள் மூன்று பேர். மூன்றாவது, 1994ல் கல்யாணமாகிப் போன அக்கா. பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாதவர் பெயர் வில்லங்கத்தில் எப்படி வரும்?

புரோக்கர் சிரித்தார். "அதெல்லாம் அவங்க வரமாட்டாங்க சார்." தம்பியோ, "அக்காவுக்குத்தான் சீரெல்லாம் செஞ்சாச்சே" என்றார். வக்கீலம்மா கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்குப் பிறகு கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்திலும் பங்கு உண்டு, அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது என்றாலும் 1956 சட்டப்படி பங்கு உண்டு, சீர் செய்ததால் பங்கு போய்விடாது என்றார். அந்த அம்மா வந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் வாங்கலாம், இல்லையென்றால் வேறு மனை பாருங்கள். அவ்வளவுதான்.

பெரியவருக்கு வக்கீல் மேலேயே கோபம். நல்ல மனை கைநழுவப் போகிறதே என்று தூக்கம் இல்லை. மூன்று மாதம் ஓடியது. வேறு பார்ட்டி கிடைக்காததாலோ என்னவோ, அண்ணன் தம்பி அக்கா வீட்டுக்குப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பத்திரப் பதிவன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அந்த அக்கா மகளுடன் வந்திருந்தார். மொத்த விலை அதே 40 லட்சம்தான், ஆனால் டிராஃப்ட் மூன்றாகப் பிரித்து எடுக்கப்பட்டிருந்தது. தன் பெயர் போட்ட டிராஃப்டை இரண்டு முறை படித்துப் பார்த்து மகளிடம் கொடுத்துவிட்டு, கைரேகை வைக்கப் போனார்.