தும்பி

இத்தாலிய ஓவியர் அல்பெர்த்தோ புர்ரியின் 'சாக்கு' வரிசைப் படைப்புகளை நாங்கள் அச்சுப் பிரதிகளாக மட்டுமே கண்டிருக்கிறோம். கிழிந்த கோணித் துண்டுகளைத் தடித்த நூலால் தைத்து, சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டியவை அவை. உருவம் என்று ஏதுமில்லை; கிழிசலும் தையலும்தான். புர்ரி மருத்துவம் படித்தவர். 1943-இல் துனீசியாவில் பிடிபட்டு, டெக்சாஸ் முகாமில் போர்க்கைதியாக இருந்தபோது வரையத் தொடங்கினார். ஆகவே விமரிசகர்கள் அத்தையல்களில் போரின் காயங்களைக் கண்டனர். அவரோ அவ்விளக்கங்களை ஏற்றதில்லை.

எங்களுக்கு அப்படங்களைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது போர் அல்ல; தொப்பூர் வீட்டுப் பரணில் கிடக்கும் கவலைத் தும்பி.

மின்மோட்டார் வருமுன் எங்கள் கிணற்றில் கவலைதான் ஓடியது. மாடுகள் சரிவில் இறங்க, இரும்புச் சால் நீருடன் மேலேறும். சாலின் அடியில் பொருத்திய தோல்குழாயே தும்பி. மேலே வரும்வரை அதன் வாயை ஒரு கயிறு நிமிர்த்திப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் அது தொட்டியில் சரிந்து நீரைக் கொட்டும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் அது. அந்த ஆவாரை இன்றும் கணவாய்ச் சரிவுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது.

தும்பி கிழிந்தால் தைக்க ஒருவர் வருவார். புளியமரத்தடியில் அமர்ந்து, குத்தூசியால் துளையிட்டு, தோல்வாரைக் கோத்து இழுப்பார். ஒட்டின்மேல் ஒட்டு, தையலின்மேல் தையல். சொட்டு நீர் கசியாது. வேலை முடிந்ததும் தண்ணீர் கேட்பார். அவர் கிணற்றுப் படியில் இறங்கக்கூடாது, தொட்டியைத் தொடக்கூடாது. குவித்த கைகளில் எங்கள் பாட்டி உயரத்திலிருந்து ஊற்றுவாள். அவர் தைத்த தோலின் வழியாக வந்த நீரைத்தான் நாங்கள் அனைவரும் குடித்தோம். தோல் தீட்டாகவில்லை, கை மட்டும் தீட்டாயிற்று. இந்தக் கணக்கு அன்று எங்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் பழுதுபார்த்தபோது தும்பியைக் கீழே இறக்கினோம். விறைத்துக் கறுத்திருந்தது, தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஓவிய ஆர்வமுள்ள நண்பர் ஒருவர் அதை விரித்துச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்றார். புர்ரியின் பக்கத்தில் வைக்கத் தக்கது என்றும் சொன்னார். மிகையாகச் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை. 1959-இல் ரோம் நகரின் தேசியக் கலைக்கூடத்தில் புர்ரியின் சாக்கு ஒன்று தொங்கியபோது, அந்த அழுக்குத் துணி அங்கே எதற்கு என்று இத்தாலிய நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. இன்று அதைக் கலையல்ல என்பார் அரிது.

சட்டத்தின் கீழே யார் பெயரை எழுதுவது என்று நண்பர் கேட்டபோதுதான் நாங்கள் விழித்தோம். சாதிப் பெயர் தெரியும். அதைச் சொல்லியே அழைத்தோம். தாத்தா வயதுள்ளவரை, பத்து வயதுகூட நிரம்பாத நாங்கள் 'வாடா' என்றோம். அவரும் 'வர்றேன் சாமி' என்றே வந்தார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஊரில் முதியவர்களிடம் விசாரித்தோம். அவர்களும் அதே சாதிப் பெயரைத்தான் சொன்னார்கள்.

தும்பியை நாங்கள் சுவரில் மாட்டவில்லை. பரணிலும் திரும்ப ஏற்றவில்லை. கூடத்து மூலையில், வருவோர் 'இது என்ன?' என்று கேட்கும் இடத்தில் கிடக்கிறது. கேட்பவர்களிடம் முதலில் கவலையைப் பற்றிச் சொல்கிறோம். பிறகு, பாட்டி தண்ணீர் ஊற்றிய உயரத்தைக் கையால் காட்டுகிறோம்.