ஓடிபி யார் போனுக்கு வரும்?

ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து ரயிலேறிக் கல்லூரிக்குப் போகும் நம் காலனிப் பிள்ளைகள் பலர், உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ரயில் நிலைய இலவச வைஃபையைத்தான் நம்புகிறார்கள். நாளுக்கு முதல் 30 நிமிடம் இலவசம். ஆனால் வைஃபை இணைந்தும் சில நேரம் லாகின் பக்கம் வராது.

அப்போது மொபைல் டேட்டா, விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் மூன்றையும் அணையுங்கள். பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பூட்டுக் குறி உள்ள தளங்களை வைஃபையால் திசைதிருப்ப முடியாது. பூட்டில்லாத இந்தத் தளத்தைத் திறந்தால் லாகின் பக்கத்துக்குப் போகும்.

பக்கம் வந்ததும் மொபைல் எண் கேட்கும். நாம் போய்வரும் வீடுகளில் ரீசார்ஜ் செய்த சிம் ஒன்றுதான். அது அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போயிருக்கும். பிள்ளையிடம் இருப்பது சிம் இல்லாத பழைய போன். மாலை ஷிப்ட் முடியும்வரை ஓடிபியைப் பார்க்க ஆளில்லை.

பொது வைஃபைக்குத் தொலைத்தொடர்புத் துறை 2009இல் இரண்டு வழி வைத்தது: அடையாள அட்டை நகல், அல்லது எஸ்எம்எஸ். நாம் போகும் இடங்களில் எஸ்எம்எஸ் மட்டுமே இருக்கிறது. இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் பஹீமா ஷிரின் வழக்கில் சொன்னது. கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினாலே வைஃபை தரவேண்டும் என்று நூலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் மனு கொடுப்போம், தோழர்களே.