வெல்லாவெளி: மண்ணோடு கட்டிய ஊர்

மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தால் வாவியைத் தாண்டினால் படுவான்கரை. வயலும் குளமுமாக விரியும் அந்தப் பக்கத்தில், போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கும் ஊர் வெல்லாவெளி.

இங்கே மண்வீட்டுக்கு வேண்டியதெல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைத்தது. காட்டுக் கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, புற்றுமண்ணை வைக்கோலோடு மிதித்துக் குழைத்து அப்புவார்கள். கூரைக்குக் கிடுகு அல்லது இலுக்கு. சாணத்தால் மெழுகிய அந்த வீட்டுக்குள் பங்குனி வெயிலிலும் படுத்துறங்கலாம்.

மாரி வந்தால்தான் சுவரடி கரையும். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பையே புரட்டிப் போட்டது. பிறகு போர், 2007 இடப்பெயர்வு. உள்ளே அடுக்கிய நெல்லின் வாசம் பிடித்து வரும் காட்டு யானைக்கு மண்சுவர் ஒரு தடையே அல்ல. சனம் சீமெந்துக் கல்லுக்கு மாறியதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் பேசப்பட்டது. வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. நம் வெக்கைக்கு உருக்குச் சுவரா என்று எழுந்த எதிர்ப்பு நியாயமானது.

உருக்கு எதற்கு, மண்ணையே உறுதியாக்க வழி இருக்கிறது. மணலும் களியும் அளவாகக் கலந்த மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சீமெந்து சேர்த்து, கை இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கி, நான்கு கிழமை ஈரங்காயாமல் பதப்படுத்த வேண்டும். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். இலங்கையில் இதற்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரநிர்ணயமே உண்டு. வயலின் மேல்மண்ணை மட்டும் தொடக்கூடாது: உக்கல் கலந்த மண்ணில் கல் நிற்காது, வயலும் கெடும். போத்தலில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் களி மேலேயும் படியும். எது எவ்வளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

மண் கட்டுமானத்தை முறையாகப் படிக்க விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1989இல் தொடங்கியது, குறுகியகாலப் பயிற்சிகள் தருகிறது. செலவைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வழியில் கேரளத்தில் 1985இல் எழுந்த கொஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பு, செங்கலைக் குத்துநிலையில் அடுக்கி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பியது. அதில் கால்பங்கு கல் மிச்சம். நம் நாட்டில் ஏக்கலையில் இயங்கும் நேர்ட் என்ற பொறியியல் ஆராய்ச்சி நிலையம் செலவு குறைந்த கட்டுமான முறைகளை உருவாக்குகிறது.

ஆனால் எந்தப் பயிற்சிக்கூடமும் படுவான்கரை யானையை எண்ணிப் பாடம் வகுத்ததல்ல. உயர்ந்த குந்து, அகன்ற தாழ்வாரம், நெல்லை வைக்க வீட்டை விட்டுத் தள்ளி ஒரு களஞ்சியம், இவை மூன்றையும் இங்குள்ள மேசன்மாரும் வரிச்சுக் கட்டத் தெரிந்த பெரியவர்களும் கூடியிருந்துதான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த வீட்டுத்திட்டம் வரும்போது கல் ஏற்றிய லொறிக்கு முன்னால் ஒரு அழுத்தும் இயந்திரம் வெல்லாவெளிக்கு வரட்டும்.